பாம்பு விளக்கு

அது இப்போது அணைந்துவிடும், தம்பி. பயப்படாதீர்கள். சாவியைத் திருப்பினால் எல்லா விளக்கும் ஒருமுறை எரியும், பிறகு ஒவ்வொன்றாகப் போகும். பாருங்கள். அந்த மஞ்சள் விளக்கும் போய்விட்டதா? ஒரு கார், அதன் பின்னால் பாம்பு நெளிந்த மாதிரி இரண்டு கோடு. போய்விட்டதல்லவா? சரி. எஞ்சினை நிறுத்திவிடுங்கள். என் மனைவி கிளம்பக் கொஞ்சம் நேரமாகும். திண்டுக்கல்தானே, முகூர்த்தத்துக்குப் போய்விடலாம்.

சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். பூமிநாதன் குள்ளம், அவர் உயரத்துக்கு வைத்திருக்கிறது. எப்போதும் ஆக்டிங் டிரைவராக அவர்தான் வருவார். இன்றைக்கு அவர் வீட்டில் காதுகுத்து, அதனால்தான் உங்களை அனுப்பியிருக்கிறார். எனக்கு ஓட்டத் தெரியும் என்று உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். மோட்டார் பம்பு கம்பெனியில் ஏரியா மேனேஜராக இருந்தேன். ராமநாதபுரத்திலிருந்து தேனி வரைக்கும் என் ஏரியா. டிரைவர் வைத்துக்கொள்ளக் கம்பெனி அனுமதித்தது. நான் வைத்துக்கொள்ளவில்லை. என் வண்டியை இன்னொருவன் ஓட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. இப்போது உட்காருகிறேன். அது தற்காலிகம். முட்டி சரியாகிற வரைக்கும்.

அந்த விளக்கைப் பற்றிக் கேட்டீர்கள். வண்டி சறுக்கிப்போகாமல் பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அது வேலை செய்யவில்லை என்றால் அந்த விளக்கு எரியும். இந்திராணி, என் மனைவி, அதற்குப் பாம்பு விளக்கு என்று பெயர் வைத்தாள். அந்த விளக்கால் எனக்கு ஒரு கோடைகாலம் முழுக்கப் போய்விட்டது, தம்பி. அவள் திருச்சியில், நான் இங்கே மதுரையில். நடுவில் அந்த விளக்கு.

முட்டியில் ஆபரேஷன் செய்ததால் வாங்கிய வண்டி இது. இடது முட்டி. டாக்டர் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்றார். சரியென்று ஆட்டோமேட்டிக் வாங்கினோம். இதில் கிளட்ச் இல்லையா, இடது காலுக்கு வேலையே இல்லை. வலது கால் ஒன்றுதான் ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் போய்ப் போய் வரும். இத்தனை வருஷம் உழைத்த இடது கால் சும்மா உட்கார்ந்திருக்கும். உங்களுக்குப் பழகியிருக்கும். என் வயதில் பழகிப் பாருங்கள்.

என் மச்சினன் தனபாலன் திருச்சியில் வீடு கட்டினான். புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். விராலிமலை தாண்டி, நாலு வழிச் சாலையில் ஒரு திருப்பம். மொபெட்டில் வைக்கோல் கட்டோடு ஒருத்தர் குறுக்கே வந்துவிட்டார். இந்திராணி "பிரேக், பிரேக்" என்றாள். "போட்டுட்டேன்" என்றேன். போட்டுத்தான் இருந்தேன். வண்டி பாய்ந்தது. மறுபடியும் "பிரேக்" என்றாள். "அதான் போட்டுட்டேன்ல" என்று இன்னும் நன்றாக மிதித்தேன். வண்டி இன்னும் பாய்ந்தது. நடுத்திட்டில் ஏறி, அரளிச் செடிகளுக்குள் போய் நின்றது. மொபெட்காரருக்கு ஒன்றுமில்லை. வைக்கோல்கூடச் சிந்தவில்லை. முன்பக்க இடது சக்கரம் மடங்கிப் போயிற்று. சீட் பெல்ட் இறுக்கி இந்திராணிக்கு இடது தோளில் காறை எலும்பு முறிந்துவிட்டது.

வண்டியில் ஏதோ கோளாறு. பிரேக் போட்டால் வண்டி பாயுமா? கம்பெனி சர்வீஸில் பார்த்துவிட்டு பிரேக்கில் குறையே இல்லை என்றார்கள். அவர்கள் வண்டியைக் குறை சொல்வார்களா?

தனபாலன் வந்து அவளைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வண்டியை லாரியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நான் வண்டியோடு வந்தேன். யாராவது ஒருவர் வண்டியோடு வர வேண்டுமல்லவா? அங்கே அவளுக்குத் தம்பி இருந்தான், தம்பி மனைவி இருந்தாள், ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் இருந்தார்கள். வண்டிக்கு யார் இருந்தார்கள்? இதைச் சொன்னால் தனபாலனுக்குப் புரிவதில்லை. "அத்தான் அக்காவை விட்டுட்டு ஆக்ஸிலைத் தூக்கிட்டுப் போனாரு" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆக்ஸில் உடையவே இல்லை. உடைந்தது சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோயர் ஆர்ம். அதுகூடத் தெரியாது அவனுக்கு.

லோயர் ஆர்ம் மாற்றினார்கள். இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் மாற்றினார்கள். பிரேக் டிஸ்க் புதிது, பேடு புதிது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். காளவாசல் பாலத்தில் ஏறி இறங்கினேன், அந்த விளக்கு எரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் இந்திராணியிடம் போனில் சொன்னேன். எல்லாம் புதிதாக மாற்றிவிட்டார்கள், ஒரே ஒரு விளக்குதான், அதுவும் சின்ன விளக்கு என்றேன். எப்படி இருக்கும் என்று கேட்டாள். சொன்னேன். பிறகு சொன்னாள்: "அந்தப் பாம்பு விளக்கு அணையட்டும். அணைஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போங்க."

அவ்வளவுதான் அவள் சொன்னது. கோபமாகச் சொல்லவில்லை. விளக்கு அணைந்தால் வருகிறேன் என்றாள். நியாயந்தானே?

பஸ்ஸில் வரலாமே என்று நீங்கள் நினைக்கலாம். திருச்சிக்கும் மதுரைக்கும் பஸ்ஸுக்கா பஞ்சம்? தனபாலன் காரிலும் கொண்டுவந்து விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்குத் தோள் சரியில்லை. பஸ்ஸில் குலுங்கும். மலைக்கோட்டை ஏறிவிட்டு வந்தேன் என்று ஒருநாள் போனில் சொன்னாள். அப்படியெல்லாம் ஏறினால் தோள் எப்படி ஆறும்? அதைத்தான் நானும் சொன்னேன்.

சரி, விளக்குக்கு வருவோம். சர்வீஸில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். சக்கரம் சுற்றுகிற வேகத்தைப் பார்க்க ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் இருக்கிறதாம். சஸ்பென்ஷன் வேலை பார்த்தபோது அதன் வயர் இழுபட்டிருக்கும் என்று மாற்றினார்கள். விளக்கு போய்விட்டது. கொண்டுவந்தேன். மறுநாள் வந்துவிட்டது. பிறகு வீல் அலைன்மென்ட் கடை. அங்கே இருந்தவர், ஸ்டியரிங் எங்கே நேராக இருக்கிறது என்று வண்டிக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்றார். "நீங்க நேராத்தான் போறீங்க சார். வண்டி வளைஞ்சு போறதா நினைச்சுக்கிட்டு இருக்கு" என்றார். அதையும் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு வண்டி நேராக நிற்க வேண்டுமாம், ஸ்டியரிங்கை யாரும் தொடக் கூடாதாம். நான் வெளியே நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். விளக்கு போயிற்று. அவரே ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். வரவில்லை. நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். பைபாஸில் வந்துவிட்டது.

முன்னால் புது டயர், பின்னால் பழைய டயர், அதனால் இருக்கும் என்றார் ஒருவர். நான்கையும் புதிதாக்கினேன். பேட்டரி என்றார் ஒருவர், அதையும் மாற்றினேன். வேறு யார் ஓட்டினாலும் வராது, தம்பி. அவர்கள் ஓட்டினால் வராது. நான் ஓட்டினால் வரும். வண்டிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

தனபாலன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். "என்ன அத்தான், பாம்பு புத்துக்குள்ள போயிருச்சா?" என்பான். பின்னால் அவன் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்கும். இந்திராணி சிரிக்கிறாளா என்று காது கொடுத்துக் கேட்பேன். தெரியாது. போனில் என்ன தெரியும்?

வீட்டில் எனக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. சர்க்கரை டப்பா என்று எடுத்தால் ரவை. மெஸ்ஸில் சாப்பிட்டேன். மெஸ்காரர் நல்லவர்தான். "அம்மா எப்ப வர்றாங்க?" என்று கேட்பார். "வண்டி சரியானதும்" என்பேன். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னீங்க" என்பார். "அது சரியாயிடுச்சு. வண்டிதான்" என்பேன். ஒருமாதிரி பார்த்துவிட்டு ரசம் ஊற்றுவார்.

கடைசியில் ஆரப்பாளையத்தில் ஹக்கீம் என்று ஒரு மெக்கானிக். அவர் ஸ்கேனரை மாட்டிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க ஓட்டுங்க, நான் பார்க்கிறேன்" என்றார். வைகைக் கரை ரோட்டில் போனோம். ஆரப்பாளையம் தாண்டுவதற்குள் விளக்கு வந்துவிட்டது. அவர் ஸ்கேனரைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். மறுபடி ஸ்கேனரைப் பார்த்தார்.

"சார், பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதிக்கிறீங்களா?"

"நான் என்ன சைக்கிளா ஓட்டுறேன், ரெண்டு காலாலயும் மிதிக்க?" என்றேன்.

"இதுல அப்படித்தான் காட்டுது சார். ரெண்டும் ஒண்ணா வந்தா வண்டி குழம்பிரும். இடது கால் எங்க இருக்கு?"

இடது கால் பிரேக் மேல் இருந்தது. இருந்தால் என்ன? சும்மா வைத்திருந்தேன். அந்த நடுத்திட்டில் ஏறின நாளிலிருந்து அப்படித்தான் வைத்திருக்கிறேன். வலது கால் ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்கு வருவதற்கு நேரமாகிறதல்லவா? இடது கால் அங்கேயே தயாராக இருந்தால் நல்லதுதானே? ஒரு ஜாக்கிரதைதான். வைத்திருப்பது வேறு, மிதிப்பது வேறு. இதை ஹக்கீமிடமும் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிரேக் ஸ்விட்சும் மோசமாக இருக்கலாம் என்று அதையும் மாற்றிக் கொடுத்தார். பிரேக் பேடையும் கழற்றிக் காட்டினார், புதிது போட்டு மூன்று மாதம் ஆகவில்லை, வழவழவென்று தேய்ந்து கிடந்தது. போலி பேடு. சர்வீஸில் ஏமாற்றிவிட்டார்கள்.

சரி, ஹக்கீம் சொன்னதைச் செய்து பார்ப்போமே என்று காலை எடுத்துக் கீழே வைத்தேன். இரண்டு தெரு போனேன், வரவில்லை. மூன்றாவது தெருவில் ஒரு ஆட்டோ திரும்பியது, விளக்கு வந்துவிட்டது. குனிந்து பார்த்தால் கால் மேலே இருக்கிறது. நான் வைக்கவில்லை, தம்பி. அதுவாகப் போகிறது. சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். ஒருநாள் துண்டால் காலை சீட்டுக் கம்பியோடு கட்டிவிட்டேன். மாட்டுத்தாவணி சிக்னலில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், காலுக்கு என்ன?" என்றார். "அடிபட்டிருக்கு" என்றேன். "அடிபட்ட காலோட எதுக்கு சார் ஓட்டுறீங்க? வீட்ல வேற ஆள் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். ஓரமாக நிறுத்தி அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். வீட்டுக்கு வருவதற்குள் பாம்பு.

ஒருநாள் என்ன ஆனாலும் சரி என்று திருச்சிக்குக் கிளம்பினேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அவளுக்குப் பூவெல்லாம் வாங்கிக்கொண்டு. மேலூர் வரைக்கும் வரவில்லை. மேலூர் தாண்டி ஒரு லாரி, வந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி உட்கார்ந்திருந்தேன். எஞ்சினை நிறுத்திப் போட்டால் போய்விடும், தெரியும். ஆனால் ஓட்டினால் வரும், அதுவும் தெரியும். திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேனே, போன் பண்ணி, "இன்னைக்கு அஷ்டமி, இன்னொரு நாள் வர்றேன்" என்றேன். எதிரில் காலண்டர் இருந்திருக்கும் போல. "இன்னைக்குத் தசமியில்ல?" என்றாள். பிறகு அவளே, "சரி, பூ வாங்கியிருந்தா சாமிக்குப் போடுங்க" என்றாள். பூ வாங்கியது அவளுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் பூமிநாதனை வரச் சொன்னேன். ஒரு யோசனை வைத்திருந்தேன். திருச்சி வரைக்கும் அவர் ஓட்டட்டும். தனபாலன் வீட்டுத் தெருவுக்குக் கொஞ்சம் முன்னால் இடம் மாற்றிக்கொள்வது. அங்கிருந்து வீட்டுவாசல் வரைக்கும் நான் ஓட்டிக்கொண்டு போய் நிற்பது. அவள் எட்டிப் பார்ப்பாள், விளக்கு இருக்காது. அவ்வளவுதான் வேண்டும். பூமிநாதனிடம் சொன்னேன். "உங்க வண்டி சார், உங்க இஷ்டம்" என்றார்.

இப்போது நான் உட்கார்ந்திருக்கிற இதே இடத்தில்தான் உட்கார்ந்து போனேன். பூமிநாதன் நல்ல டிரைவர். ஆனால் கொஞ்சம் கிட்டே போய் பிரேக் போடுகிறவர். கொட்டாம்பட்டியில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் "பிரேக்!" என்று கத்திவிட்டேன். "பார்த்துட்டேன் சார்" என்றார். துவரங்குறிச்சியில் மறுபடி கத்தினேன். "பார்த்துட்டேன் சார்." விராலிமலையில், அந்த அரளிச் செடி இருக்கிற இடத்தில், கத்தவில்லை. அவராக வேகத்தைக் குறைத்தார். "சார், மேட்டு சுருண்டு கிடக்கு, கால் தடுக்கப்போகுது" என்றார். குனிந்து பார்த்தால் என் காலடியில் விரித்திருந்த மேட் மடிந்து மடிந்து முன்னால் போய்க் குவிந்து கிடந்தது. மட்டமான மேட், நிற்பதே இல்லை, தானாக நழுவும். இழுத்துவிட்டேன். கொஞ்ச தூரத்தில் மறுபடி சுருண்டுவிட்டது.

விளக்கு வரவே இல்லை, தம்பி. மதுரையிலிருந்து திருச்சி வரைக்கும் ஒருமுறைகூட வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அதைத்தானே கேட்டேன்? ஒருமுறையாவது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அவர் ஓட்டும்போதும் ஒரே ஒரு தடவை வந்திருந்தால்.

பிள்ளையார் கோயில் திருப்பத்தில் இடம் மாற்றிக்கொண்டோம். பூமிநாதன் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி, அதன்மேல் பாரம் விழுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். இரண்டே தெரு. முதல் தெரு போயிற்று. இரண்டாவது தெரு திரும்பினேன், வாசலில் இந்திராணி நின்றுகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். தலையை வேறு மாதிரி வாரியிருந்தாள். ஒருவேளை தோள் வலியால் அப்படி வாரியிருக்கலாம். அவள் தெருவில் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். அவ்வளவுதான். நான் எங்கேயோ தூரத்தில் வரும்போதே அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். கால் எப்படி வெளியே வந்தது என்று தெரியாது.

விளக்கு எரிந்தது.

வாசலில் போய் நிற்பதற்கும் அவள் ஜன்னல் பக்கம் குனிவதற்கும் சரியாக இருந்தது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். எல்லாம் இருண்டுவிட்டது. அவள் பார்த்தாளா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் கேட்கவில்லை.

"அணைச்சிட்டீங்களா?" என்றாள்.

"அணைச்சிட்டேன்" என்றேன்.

அவள் பூமிநாதனைப் பார்த்தாள். "இவர் யாரு?"

"தெரிஞ்சவர்" என்றேன். அதற்குள் பூமிநாதன், "ஆக்டிங் டிரைவர்மா" என்று சொல்லிவிட்டார்.

அவள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற என்னைப் பார்த்தாள். பக்கத்து சீட்டில் இருக்கிற அவரைப் பார்த்தாள். "ஆக்டிங் டிரைவரா? யாரு, இவரா, நீங்களா?" என்றாள்.

தனபாலன் படியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு அது போதும், ஆறு மாதம் சொல்லிக்கொண்டு திரிய. பூமிநாதனும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். இந்திராணி சிரிக்கவில்லை. "உள்ள வாங்க, சாப்பிடலாம். நீங்களும் வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு முன்னால் போனாள்.

சாப்பிட்டோம். யாரும் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. தனபாலன் ஒருமுறை வாயைத் திறந்தான், "தனபாலா, மோர் எடுத்துட்டு வா" என்றாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் அவளுடைய பை கூடத்தில் இருந்தது. எப்போது கட்டினாள் என்று தெரியாது. முதலிலேயே கட்டி வைத்திருந்தாளோ என்னவோ. பூமிநாதனிடம் சாவியைக் கொடுத்து, "நீங்க ஓட்டுங்க தம்பி. இவருக்கு முட்டி சரியில்ல" என்றாள்.

அதிலிருந்துதான் தற்காலிகமாக இந்த ஏற்பாடு. முட்டி சரியாக வேண்டும். டாக்டர் சரியாகிவிட்டது என்கிறார், அவருக்கு என்ன தெரியும், அவரா ஓட்டுகிறார்?

இந்திராணி பின்னால்தான் உட்காருவாள். அன்றைக்கும் பின்னால்தான் உட்கார்ந்தாள். முன்னால் ஏ.சி. காற்று நேராகத் தோளில் படுகிறதாம். அதுவும் சரிதான். திரும்பி வரும்போது நான் கத்தவில்லை. விராலிமலையில் கண்ணை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். துவரங்குறிச்சியில் டீ குடிக்க நிறுத்தச் சொன்னாள். அவளே இறங்கிப் போய் வாங்கி வந்தாள். என் பக்கத்துக் கதவைத் திறந்து டம்ளரை என் கையில் கொடுத்தாள். சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லியிருந்தாள்.

நான் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் கதவைச் சாத்தவில்லை. டம்ளருக்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். நான் காலைத் தூக்கிக்கொண்டேன். சுருண்டு கிடந்த மேட்டைத் தன் பக்கம் இழுத்து, மடிப்பு ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தேய்த்து நேராக்கிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.